கூமே நகரத்தார் இலத்தீனைக் "கேட்டு வாங்கினார்களா"?

கல்வெட்டுக்காரன் எழுதியது:

ரோமானியச் சாலைகளைப் பற்றிய இழையில் மேலமாசி அவர்கள் நேற்று ஒரு வரியைப் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்: "ஆஸ்கன் மொழியை யாரும் அழிக்கவில்லை, அதைப் பேசியவர்களே மனுப்போட்டு இலத்தீனைக் கேட்டு வாங்கினார்கள், ஐயமிருந்தால் கூமே நகரத்தைப் பாருங்கள்." இதற்குப் பலர் விருப்பக்குறி வேறு இட்டிருக்கிறார்கள். அதைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை என்பதால் தனி இழை தொடங்குகிறேன்.

புதிதாக வருபவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரோம் ஒரு சிற்றூராக இருந்த காலத்தில் இலத்தீனும் இத்தாலியின் பல மொழிகளுள் ஒன்றாகத்தான் இருந்தது. இத்தாலியின் நடுவிலும் தெற்கிலும் இருந்த சாம்னியர்களும் காம்பானியர்களும் லுக்கானியர்களும் ஆஸ்கன் பேசினார்கள். அதற்கு வடக்கே உம்பிரியன் வழங்கியது. இடையில் வோல்ஸ்கியன், மார்சியன், பெலிக்னியன் என்று சிறு மொழிகள் பல இருந்தன. ரோமுக்குக் கூப்பிடு தூரத்தில் இலத்தீனுக்கு உடன்பிறப்பான ஃபாலிஸ்கன் இருந்தது. இவற்றுள் ஒன்றுகூட இன்று இல்லை.

இனி நேப்பிள்ஸுக்கு அருகே இருந்த கூமேக்கு வருகிறேன். கி.மு. 180ஆம் ஆண்டின் செய்திகளை அடுக்கிக்கொண்டு வருகிற ரோமானிய வரலாற்றாசிரியர் லிவி, நடுவில் ஒற்றை வாக்கியம் எழுதுகிறார்: அவ்வாண்டு கேட்டுக்கொண்ட கூமேயர்களுக்கு, பொதுக் காரியங்களில் இலத்தீன் பேசவும், அவர்களுடைய ஏலக்காரர்கள் இலத்தீனில் கூவி விற்கவும் அனுமதி அளிக்கப்பட்டது. அவ்வளவுதான். யார் கேட்டார்கள், ஊர் முழுவதும் கேட்டதா, நாலு பெரிய வீட்டுக்காரர்கள் கேட்டார்களா என்று ஒரு சொல்லும் அதில் இல்லை. அதை எழுதிய லிவியும் அந்நிகழ்ச்சிக்கு ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு பிந்தியவர்.

கிரேக்கர்கள் நிறுவிய கூமே, கி.மு. 5ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆஸ்கன் பேசிய காம்பானியர்களின் கைக்கு மாறியது. கி.மு. 338இல் ரோம் அதற்கு வாக்குரிமை இல்லாத குடியுரிமையைக் கொடுத்தது. வரி கட்டலாம், படைக்கு ஆள் அனுப்பலாம், வாக்கு மட்டும் போட முடியாது. அப்படி 158 ஆண்டுகள் இருந்த ஒரு நகரம், தன் சந்தையில் எந்த மொழியில் கூவலாம் என்பதற்கு இன்னொரு நகரத்திடம் போய் அனுமதி கேட்டு நிற்கிறது. இதை "விரும்பி ஏற்றுக்கொண்டார்கள்" என்று படிக்கிற கண்ணுக்கு என்ன மருத்துவம் செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

மேலமாசி எழுதியது:

என் பெயரில் தனி இழையே தொடங்கிச் சிறப்புச் செய்த கல்வெட்டுக்காரர் ஐயாவுக்கு நன்றி. அவருடைய பதிவில் பயனுள்ள சொல் ஒன்றுதான் இருக்கிறது. அதையும் அவரே லிவியிடமிருந்து எடுத்துத் தந்திருக்கிறார். "கேட்டுக்கொண்ட கூமேயர்களுக்கு" என்று லிவி எழுதியிருக்கிறார். கேட்டார்கள். ரோம் கட்டளையிட்டது என்று அங்கே இல்லை, ஆஸ்கனைத் தடை செய்தது என்றும் இல்லை. கேட்டார்கள், கொடுத்தார்கள்.

ரோம் எந்த நகரத்திலாவது ஆஸ்கன் பேசக் கூடாது என்று சட்டம் போட்டதாக ஒரே ஒரு சான்றை ஐயா காட்டட்டும், நான் இந்தத் தளத்தை விட்டே போய்விடுகிறேன். காட்ட முடியாது என்பது அவருக்கும் தெரியும்.

இன்னொன்றையும் சொல்கிறேன். கி.மு. 91இல் இத்தாலியக் கூட்டாளிகள் ரோமுக்கு எதிராகக் கிளம்பினார்கள் அல்லவா, அந்தப் போரில் அவர்கள் அடித்த நாணயங்களைப் பாருங்கள். சிலவற்றில் ஆஸ்கனில் "வீத்தெலியு" என்று இருக்கிறது, சிலவற்றில் இலத்தீனில் "இத்தாலியா" என்று இருக்கிறது. சாம்னியத் தளபதி பாப்பியுஸ் முத்திலுஸ் தன் ஆஸ்கன் நாணயத்தில் தன்னை "எம்பிராதுர்" என்று போட்டுக்கொள்கிறார். அது என்ன சொல்? இலத்தீன் "இம்பெராதோர்" என்பதை ஆஸ்கன் வாயால் உச்சரித்தது. ரோமை எதிர்த்து வாளெடுத்தவருக்கே பட்டம் இலத்தீனிலிருந்துதான் கிடைத்தது. பாவம், அதற்கும் யாரோ அவரைக் கட்டாயப்படுத்தியிருப்பார்கள்.

செங்கைச் செல்வி எழுதியது:

இருவரும் சண்டையைத் தொடர்வதற்கு முன் ஒன்றைத் தெளிவுபடுத்தினால் நன்றாக இருக்கும். ஒரு மொழி "அழிந்தது" என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? கல்வெட்டில் வராமல் போவதையா, அரசு அலுவலிலிருந்து நீங்குவதையா, வீட்டில் தாய் பிள்ளையிடம் பேசாமல் விடுவதையா? இவை மூன்றும் ஒரே நாளில் நடப்பவை அல்ல. ஃபாலிஸ்கனையே எடுத்துக்கொள்ளுங்கள். கி.மு. 4ஆம் நூற்றாண்டுக் கிண்ணம் ஒன்றில் "ஃபோயெத் வீனோ பிபாஃபோ க்ரா காரெஃபோ" என்று எழுதியிருக்கிறது. "இன்று திராட்சை மது குடிப்பேன், நாளை எனக்கு இராது" என்று பொருள். இலத்தீன் படித்த எவருக்கும் இது முக்கால்வாசி புரியும். அதைத் தனி மொழி என்பதா, இலத்தீனின் வட்டார வழக்கு என்பதா என்பதை முடிவு செய்யாமல், அது செத்ததா கரைந்ததா என்று எப்படிப் பேசுவது?

கல்வெட்டுக்காரன் எழுதியது:

மேலமாசி அவர்களே, தளத்தை விட்டுப் போகும் உங்கள் வாக்குறுதியை இதற்கு முன்பும் ஒருமுறை கேட்டிருக்கிறோம். எத்ருஸ்கனை இலத்தீனும் ஆஸ்கனும் அடங்கிய இத்தாலிக் மொழிக் குடும்பத்தில் சேர்த்துப் பட்டியல் போட்டீர்களே, அந்த இழையில். எத்ருஸ்கன் இந்தோ-ஐரோப்பிய மொழியே அல்ல என்று நான் சுட்டிக்காட்டியபோதும் இதே போலத்தான் சவால் விட்டீர்கள். இன்னும் இங்கேதான் இருக்கிறீர்கள்.

தடைச் சட்டம் எங்கே என்று கேட்கிறீர்கள். சட்டம் போட்டுத்தான் மொழியை ஒழிக்க வேண்டும் என்று உங்களுக்கு யார் சொன்னது? கூமேக்குப் பக்கத்தில் காப்புவா என்றொரு பெருநகரம் இருந்தது. கார்த்தேஜ் தளபதி ஹன்னிபால் ரோமோடு நடத்திய போரில் அது அணி மாறியது. கி.மு. 211இல் ரோம் அதை மீண்டும் பிடித்தபோது அதன் தலைவர்களைக் கொன்றது, நிலத்தைப் பறித்தது, நகர ஆட்சியையே கலைத்தது. அங்கே "மெத்திக்ஸ்" என்ற ஆஸ்கன் பட்டத்தோடு ஆட்சி செய்தவர்களின் இடத்தில் ரோமிலிருந்து அனுப்பப்பட்ட அதிகாரி உட்கார்ந்தார். கூமே அந்தப் போரில் ரோமின் பக்கம் நின்றது, அதனால் தப்பியது. பக்கத்து ஊருக்கு நடந்ததைக் கண்ணால் பார்த்தவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும்தான் 31 ஆண்டுகள் கழித்து, "ஐயா, நாங்கள் இலத்தீனிலேயே கூவிக்கொள்கிறோம்" என்று போய் நின்றார்கள். கேட்டார்களாம்!

"அனுமதி அளிக்கப்பட்டது" என்ற சொல்லைத் தயவுசெய்து இன்னொரு முறை படியுங்கள். தடையும் அனுமதியும் ஒரே கையிலிருந்துதான் வரும். எந்த மொழியைப் பேசலாம் என்பதற்கு அனுமதி வழங்கும் நிலையில் ரோம் இருந்தது, வாங்கும் நிலையில் கூமே இருந்தது.

எம்பிராதுரைப் பற்றி: எதிரியின் பட்டத்தை எடுத்துத் தன் எழுத்தில், தன் ஒலியில், வலமிருந்து இடமாக எழுதிக்கொள்வது அடிமைத்தனம் அல்ல, எகத்தாளம். அதே போரின் இன்னொரு நாணயத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். அதில் ஒரு காளை ஓநாயைக் கொம்பால் முட்டித் தரையில் சாய்க்கிறது. காளை இத்தாலி, ஓநாய் ரோம். இதில் ஒரு வேடிக்கை உண்டு. இலத்தீனில் மாட்டுக்குப் "போஸ்", ஓநாய்க்கு "லுப்புஸ்". இலத்தீனின் ஒலி விதிப்படி அவை "வோஸ்" என்றும் "லுக்குவுஸ்" என்றும் இருந்திருக்க வேண்டும். பகரத்தோடு இருப்பது ஆஸ்கன்-உம்பிரியன் வாடை. ரோமானியன் தன் அடையாளமான ஓநாயைக் கூப்பிட்ட சொல்லே அயலானின் ஒலியில் இருந்தது. யார் யாரிடம் வாங்கினார்கள் என்று இப்போது சொல்லுங்கள்.

மேலமாசி எழுதியது:

நீண்ட பதிவு. நடுவில் இருக்கிற ஒரே சான்று இன்னமும் லிவியின் வாக்கியம்தான். காப்புவாவைப் பார்த்துப் பயந்து கேட்டார்கள் என்பது ஐயாவின் கற்பனை. லிவி அப்படி எழுதவில்லை. விசுவாசமாக இருந்த நகரத்துக்கு ரோம் கொடுத்த மரியாதை அது என்று நான் சொன்னால் அதற்கும் அந்த வாக்கியம் அதே அளவுக்கு இடம் தரும்.

எத்ருஸ்கன் குறித்து: "இத்தாலியில் வழங்கிய மொழிகள்" என்ற பொருளில் எழுதினேன் என்று அன்றே விளக்கிவிட்டேன். ஐயா மட்டும் என்ன, அக்னோனே வெண்கலப் பலகை நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது என்று எழுதியவர்தானே? அது 1873 முதல் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆஸ்கனின் காவலர் என்று தன்னைச் சொல்லிக்கொள்பவருக்கு அந்த மொழியின் புகழ்பெற்ற பலகை எந்த நாட்டில் இருக்கிறது என்பதே தெரியவில்லை.

கல்வெட்டுக்காரன் எழுதியது:

அது தட்டச்சுப் பிழை.

நேப்பிள்ஸ் ராசன் எழுதியது:

"லண்டன்" என்று தட்டச்சு செய்யும்போது கை வழுக்கி "நேப்பிள்ஸ்" என்று விழுவதற்கு விரல்கள் மிகவும் நீளமாக இருக்க வேண்டும், அண்ணை.

நான் பதினொரு வருடங்களாக இந்த ஊரில் இருப்பவன் என்பதால் ஒன்றைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். ஆஸ்கன் முழுவதும் செத்துப்போனதாக நான் நம்பவில்லை. இத்தாலிய மொழியில் "எப்பொழுது" என்பதற்கு "குவாந்தோ" என்பார்கள், எங்கள் தெருவில் "குவான்னோ" என்பார்கள். "உலகம்" என்பதற்கு "மொந்தோ", இங்கே "முன்னோ". இலத்தீனில் "ந்த்" வருகிற இடத்தில் ஆஸ்கனில் "ன்ன்" வரும் என்று படித்திருக்கிறேன். கட்டட வேலை பற்றிய ஆஸ்கன் கல்வெட்டுகளில் வருகிற "ஊப்சன்னம்" என்ற சொல்லே அதற்கு எடுத்துக்காட்டாம். காய்கறிக் கடைக்காரர் வாயைத் திறந்தாலே ஆஸ்கன் கேட்கிறது என்று எனக்குத் தோன்றும்.

செங்கைச் செல்வி எழுதியது:

ராசன், இது பழைய கருத்து, அழகான கருத்தும்கூட. ஆனால் ஆஸ்கன் கல்வெட்டுகள் நின்றுபோனதற்கும் "குவான்னோ" போன்ற வடிவங்கள் எழுத்தில் தெரியத் தொடங்குவதற்கும் இடையில் பல நூற்றாண்டுகள் வெற்றிடமாகக் கிடக்கின்றன. பக்கத்துப் பக்கத்தில் வருகிற இரண்டு ஒலிகள் ஒன்றாவது உலகத்தில் எந்த மொழியிலும் தானாக நடக்கக்கூடியது. அதனால்தான் பலர் இதை ஏற்பதில்லை. நான் மேலே கேட்ட கேள்விக்கு இன்னும் யாரும் விடை சொல்லவில்லை என்பதையும் குறித்துக்கொள்கிறேன்.

கல்வெட்டுக்காரன் எழுதியது:

செல்வி அம்மாவின் கேள்விக்குப் பிறகு வருகிறேன். ராசன் தம்பி சொன்னதில் விஷயம் இருக்கிறது, இல்லாமலும் இருக்கிறது. அதற்கும் பிறகு வருகிறேன். இப்போது கூமே.

மேலமாசி அவர்கள் வசதியாக மறந்துவிட்ட பகுதி ஏலக்காரர்கள். பொதுக் காரியத்தில் இலத்தீன் என்பதையாவது மரியாதை என்று வைத்துக்கொள்ளலாம். ஏலம் கூவுவது எதற்கு? யார் வாங்க வருகிறார்களோ அவர்களுடைய மொழியில் கூவினால்தான் பொருள் விலைபோகும். அப்படியென்றால் காசு யாரிடம் இருந்தது? போரில் பறித்த காம்பானிய நிலங்களில் குடியேறியவர்களிடமும், அக்கடற்கரைக்கு வந்து போன ரோமானியச் செல்வர்களிடமும் இருந்தது. ஊர்க்காரன் விற்கிறான், வெளியூர்க்காரன் வாங்குகிறான். "விரும்பிக் கேட்டார்கள்" என்பதன் பொருள் இதுதான். வயிறு கேட்டது, வாய் இலத்தீனில் பேசியது.

மேலமாசி எழுதியது:

"ஏலக்காரர்" என்பதே ஐயாவின் மொழிபெயர்ப்புப் பிழை. அந்த இலத்தீன் சொல் "ப்ரைக்கோ". அவர் பொது அறிவிப்புகளை உரக்கச் சொல்பவர், நம் ஊர்த் தண்டோராக்காரர் மாதிரி. அவையைக் கூட்டுவதும் வழக்கில் சாட்சியை அழைப்பதும் அவர் வேலை. ஆகவே இது சந்தை விவகாரமே இல்லை, நகராட்சி விவகாரம். தங்கள் நகராட்சிக்கு ரோமானிய வடிவம் வேண்டும் என்று கேட்டார்கள்.

கல்வெட்டுக்காரன் எழுதியது:

"ப்ரைக்கோ" தண்டோராவும் போடுவார், ஏலமும் விடுவார் என்பது உண்மை. லிவி எழுதியிருப்பது "இலத்தீனில் விற்கும் உரிமை". விற்கும். தண்டோராக்காரர் சாட்சியையா விற்பார்?

மேலமாசி எழுதியது:

உரிமை. அந்தச் சொல்லையும் ஐயாவே எழுதிவிட்டார். மகிழ்ச்சி. உரிமையை யாராவது தண்டனையாகக் கொடுப்பார்களா?

கல்வெட்டுக்காரன் எழுதியது:

உரிமை என்று வெற்றி பெற்றவன் தன் ஏட்டில் எழுதினால் அது உரிமையாகிவிடுமா? கூமேயில் ஏலம் கூவியவன் தன் வரலாற்றை எழுதி வைத்திருந்தால் அவன் என்ன சொல் போட்டிருப்பான் என்று யோசித்துப் பார்த்தீர்களா?

அது கிடக்கட்டும். இந்த "மரியாதை" எங்கே போய் முடிந்தது என்று பாருங்கள். கி.மு. 82 நவம்பர் முதல் நாள், ரோமின் கொல்லைன் வாயிலுக்கு வெளியே ரோமானியத் தளபதி சுல்லாவின் படையும் சாம்னியர்களும் மோதினார்கள். சுல்லா வென்றார். சரணடைந்த சாம்னியர்களை ஆயிரக்கணக்கில் கொன்றார். அவர்கள் ஓர் இனமாகச் சேர்ந்திருக்கும்வரை எந்த ரோமானியனும் நிம்மதியாக வாழ முடியாது என்று சுல்லா சொன்னதாகக் கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ பதிவு செய்கிறார். சாம்னியத்தில் ஒரு காலத்தில் நகரங்களாக இருந்தவை தம் காலத்தில் ஊர்களாகச் சிறுத்துவிட்டன என்றும் அவரே எழுதுகிறார். இதற்கும் மனுப் போட்டார்களா?

பொம்பேயியைப் பாருங்கள். அங்கே தெருமுனைகளில் சிவப்பு வண்ணத்தில் எழுதிய ஆஸ்கன் அறிவிப்புகள் கிடைத்திருக்கின்றன. அவற்றுள் ஒன்று ஏறத்தாழ இப்படிச் சொல்கிறது: "இந்த வழியே 12ஆம் கோபுரத்துக்கும் சாரினு வாயிலுக்கும் இடையில், விபியுஸ் மகன் மாரஸ் ஆத்ரியுஸ் தலைமை ஏற்றிருக்கும் இடத்துக்கு." கி.மு. 89இல் சுல்லா அந்த நகரை முற்றுகையிட்டபோது, எந்தத் தெருக்காரர்கள் எந்தக் கோபுரத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்று காட்டிய வழிகாட்டி இது என்பது பலருடைய கருத்து. கல்லெறி இயந்திரம் மதிலைத் தகர்த்துக்கொண்டிருக்கும்போது, ஓடி வருகிற காவல்வீரன் ஒரே பார்வையில் படித்துப் புரிந்துகொள்ள வேண்டிய அறிவிப்பு ஆஸ்கனில் இருந்தது. உயிர் போகிற நேரத்தில் மனிதன் எந்த மொழியை நம்புகிறானோ அதுதான் அவன் மொழி. ஒன்பதே ஆண்டுகள் கழித்து, கி.மு. 80இல், அதே ஊரில் சுல்லா தன் பழைய படைவீரர்களைக் குடியேற்றுகிறார். அதன்பின் அந்நகரின் பொதுக் கல்வெட்டுகள் இலத்தீனுக்கு மாறிவிடுகின்றன. கேட்டார்களா, மேலமாசி அவர்களே? யார் கேட்டார்கள்?

நேப்பிள்ஸ் ராசன் எழுதியது:

அண்ணை, அந்தச் சுவர் எழுத்தைப் பற்றி மட்டும் ஒரு தனி இழை போடுங்கள், புண்ணியமாகப் போகும்.

மேலமாசி எழுதியது:

சாம்னியர்களுக்கு நடந்தது கொடுமை என்பதை நான் எங்கே மறுத்தேன்? ஆனால் அது போர். மொழிக்காக நடந்த போரா அது? அவர்கள் போர் தொடங்கியதே ரோமானியக் குடியுரிமை கிடைக்கவில்லை என்ற கோபத்தில் என்று நம் எல்லாருக்கும் தெரியும். குடியுரிமையைக் கேட்டார்கள். மறுபடியும் அதே சொல்தான் வருகிறது, நான் என்ன செய்ய?

உம்பிரியாவுக்கு வாருங்கள். உம்பிரியர்கள் அந்தப் போரில் பெரும்பாலும் ஒதுங்கியே இருந்தார்கள், குடியுரிமையும் சீக்கிரமே கிடைத்துவிட்டது. கொல்லைன் வாயில் மாதிரிப் படுகொலை எதுவும் அவர்களுக்கு நடக்கவில்லை. அவர்களுடைய மொழி பிழைத்ததா? இல்லை. 1444இல் குப்பியோவில் கிடைத்த 7 வெண்கலப் பலகைகளை எடுத்துப் பாருங்கள். பழையவை உம்பிரிய எழுத்தில் இருக்கின்றன, பிந்தியவை அதே உம்பிரிய மொழியை இலத்தீன் எழுத்தில் எழுதியிருக்கின்றன. பூசாரிகள், தங்கள் சொந்த வழிபாட்டு முறையை, தாங்களாகவே எழுத்தை மாற்றி எழுதிக்கொண்டார்கள். கழுத்தில் கத்தி வைத்தது யார்?

செங்கைச் செல்வி எழுதியது:

அந்தப் பலகைகளைக் கொண்டுவந்தது நல்லதாகப் போயிற்று. 4,000 சொற்களுக்கு மேல் இருக்கிற அந்த நூல் இல்லாவிட்டால் உம்பிரியன் என்ற மொழியைப் பற்றி நமக்கு ஒரு பக்கம்கூடத் தெரிந்திருக்காது. நகரத்தைத் தூய்மைப்படுத்தும் சடங்கில் பூசாரி எங்காவது தவறினால் அந்தச் சடங்கு செல்லாது. மறுபடியும் பறவைச் சகுனம் பார்த்து, திரெபுலன் வாயிலுக்குத் திரும்பிப் போய், முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்று அதில் விதி இருக்கிறது. ஒவ்வொரு சொல்லும் மாறாமல் வர வேண்டும் என்ற கட்டாயத்தால்தான் மொழி அங்கே அப்படியே நின்றது. அவர்கள் வீட்டில் என்ன பேசினார்கள் என்பதற்கு அது சான்றாகாது. பலகை எழுதப்பட்ட நாளிலேயே அவர்களின் பேரப்பிள்ளைகள் இலத்தீனில் விளையாடிக்கொண்டிருந்திருக்கலாம். இதற்காகத்தான் மூன்றாம் முறையாகக் கேட்கிறேன்: "அழிந்தது" என்றால் என்ன?

கல்வெட்டுக்காரன் எழுதியது:

உம்பிரியாவில் கத்தி இல்லையா? ஸ்பொலேத்தியத்தில் கி.மு. 241இல் இலத்தீன் குடியேற்றம் வைத்தது யார்? கி.மு. 220இல் உம்பிரியாவை ஊடறுத்து ஃப்ளாமினியா சாலை போட்டது யார்? படை நடக்கிற சாலையில் மொழியும் நடக்கும். இதைச் சாலை இழையிலேயே எழுதியிருந்தேன், மேலமாசி அவர்கள் படிக்கவில்லை. ஒரு கல்லையாவது நேரில் பார்த்தவர்கள் இப்படிப் பேச மாட்டார்கள்.

அவெல்லாவில் கிடைத்த ஆஸ்கன் கல்லைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? நோலா, அபெல்லா (இன்றைய அவெல்லா) என்ற இரண்டு ஊர்களுக்கு நடுவில் ஹெர்குலிஸ் கோயில் ஒன்று. கோயில் இரண்டு ஊருக்கும் பொது, நிலம் பொது, வருமானம் பொது, கருவூலத்தைத் திறப்பதானால் இரண்டு ஊராரும் ஒப்புக்கொண்டுதான் திறக்க வேண்டும் என்று இரண்டு பக்கமும் நெருக்கமாகச் செதுக்கியிருக்கிறார்கள். கி.மு. 2ஆம் நூற்றாண்டுக் கல். கூமேயில் உங்களுடைய மனுவைப் போட்ட அதே நூற்றாண்டு! அவ்வளவு நுணுக்கமான சொத்து ஒப்பந்தத்தை எழுதக்கூடிய சட்டமொழி, அலுவல்மொழி, ஆஸ்கன். அந்தக் கல் பிற்காலத்தில் ஒரு வாசற்படியாகக் கிடந்தது. எழுதியவர்களின் மொழியை மிதித்துக்கொண்டு போய் வந்தார்கள், என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலேயே. "கேட்டு வாங்கினார்கள்" என்று நீங்கள் எழுதிய வரிக்கும் அந்தப் படிக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

இன்னொன்று. ஆஸ்கனில் ஐந்து என்ற எண் "பொம்பெ" என்ற வடிவத்தில் இருந்தது, இலத்தீனில் அது "குவின்குவே". இலத்தீனின் "க்வ" இவர்களிடம் "ப" ஆகும். இலத்தீனில் குவின்தியுஸ் என்றால் ஆஸ்கனில் பொந்தியுஸ். கி.மு. 321இல் காவ்தியக் கணவாயில் ரோமானியப் படையை மடக்கி நுகத்தடியின் கீழே குனிந்து போகவைத்த சாம்னியத் தலைவர் கவியுஸ் பொந்தியுஸ். நம் கிறித்தவ நண்பர்கள் விசுவாசப் பிரமாணத்தில் சொல்லுகிற பொந்தியு பிலாத்துவின் குடும்பப் பெயரும் அதுதான். சாம்னியப் பெயர் ரோமானிய அதிகாரியின் பெயராக யூதேயா வரைக்கும் போயிருக்கிறது, அந்தப் பெயர் பிறந்த மொழி வீட்டிலேயே செத்துவிட்டது.

குருசடிவளாகம் எழுதியது:

இவ்வளவு நாள் அமைதியாகப் படித்துக்கொண்டிருந்தேன். கத்தோலிக்கர்கள் "போஞ்சு பிலாத்து" என்றுதான் சொல்கிறோம். "பொந்தியு" என்பது சீர்திருத்தச் சபையார் சொல்வது. ஐயா எல்லாக் கிறித்தவர்களையும் ஒரே கணக்கில் எழுத வேண்டாம்.

கல்வெட்டுக்காரன் எழுதியது:

"போஞ்சு" என்பது போர்த்துக்கீசியர் வாய்வழி வந்தது. மூல வடிவம் "பொந்தியுஸ்" என்பதால் அதற்கு நெருங்கியதை எழுதினேன். இதில் சபை எங்கே வந்தது?

குருசடிவளாகம் எழுதியது:

பல தலைமுறைகளாக நாங்கள் சொல்லி வருகிற பெயரை "வாய்வழி வந்தது" என்று ஒதுக்குகிறவர், ஆஸ்கன் மொழி ஒதுக்கப்பட்டது என்று கண்ணீர் விடுகிறார். நன்றாக இருக்கிறது.

மேலமாசி எழுதியது:

இந்த ஒரு பின்னூட்டத்துக்காகவே இந்த இழைக்கு நன்றி சொல்லலாம்.

மட்டுறுத்துநர் எழுதியது:

பிலாத்துவின் எழுத்துக்கூட்டல் குறித்து வேறு இழையில் பேசிக்கொள்ளவும். தனிப்பட்ட தாக்குதல்களைத் தவிர்க்கவும். சாலை இழையில் நடந்ததை யாரும் மறக்கவில்லை.

கல்வெட்டுக்காரன் எழுதியது:

மட்டுறுத்துநரின் சொல்லுக்குக் கட்டுப்படுகிறேன். சாலை இழையில் முதலில் தாக்கியது நான் இல்லை என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

நான் சொல்ல வந்ததை மேலமாசி அவர்களுக்குப் புரிகிறபடி கடைசியாக ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். கவிஞர் என்னியுஸ் தமக்கு மூன்று இதயங்கள் உண்டு என்று சொல்லிக்கொள்வார், கிரேக்கம், ஆஸ்கன், இலத்தீன் மூன்றும் தெரியும் என்பதால். அவர் இறந்தது கி.மு. 169இல். அதாவது கூமேயர் மனுப்போட்ட ஆண்டில் அவர் உயிரோடு இருந்தார். ஆஸ்கன் தெரிவதை ஓர் இதயத்துக்குச் சமமாகக் கணக்கிட்ட மனிதர்கள் வாழ்ந்த காலத்தில்தான், ஒரு நகரம் அந்த இதயத்தைக் கழற்றி வைக்க அனுமதி கேட்டது. ஏன் என்று கேட்க உங்களுக்குத் தோன்றவே இல்லை.

மேலமாசி எழுதியது:

என்னியுஸ் தம் காவியத்தை எந்த மொழியில் எழுதினார், ஐயா? மூன்று இதயம் இருந்ததல்லவா, ஆஸ்கன் இதயத்தால் ஒரு வரியாவது எழுதினாரா? இலத்தீனில் எழுதினார். எந்தச் சுல்லாவும் அப்போது பிறந்திருக்கவில்லை.

கல்வெட்டுக்காரன் எழுதியது:

அவருக்குப் படியளந்தவர்கள் ரோமில் இருந்தார்கள் என்பதால் இலத்தீனில் எழுதினார். ஏலக்காரர் கதையேதான் இதுவும். நான் இதைத்தானே மூன்று நாளாகச் சொல்கிறேன்!

மேலமாசி எழுதியது:

நானும் இதைத்தானே மூன்று நாளாகச் சொல்கிறேன். பயன் இருந்தது, மாறினார்கள். கேட்டார்கள்.

கல்வெட்டுக்காரன் எழுதியது:

அனுமதிக்கப்பட்டார்கள்.

மேலமாசி எழுதியது:

கேட்டதால்.

செங்கைச் செல்வி எழுதியது:

ராசன், உங்கள் தெருக் காய்கறிக் கடைக்காரர் "குவான்னோ" என்று சொல்வதை முடிந்தால் ஒலிப்பதிவு செய்து அனுப்புங்கள். நாம் இருவரும் அதைத் தனி இழையில் பேசுவோம்.

கல்வெட்டுக்காரன் எழுதியது:

அந்த இழையின் சுட்டியை இங்கே இடுங்கள், செல்வி அம்மா. "குவான்னோ" பற்றி எனக்கும் சில கருத்துகள் உண்டு. அதற்கு முன், "அனுமதிக்கப்பட்டது" என்று லிவி பயன்படுத்தும் வினைச்சொல்லை அவர் வேறு எந்தெந்த இடங்களில் கையாண்டிருக்கிறார் என்று வரிசையாக எடுத்து வைத்திருக்கிறேன். இன்றிரவு மின்சாரம் இருந்தால் தட்டச்சு செய்து முடித்துவிடுவேன். மேலமாசி அவர்கள் அதுவரை தளத்தை விட்டுப் போகாமல் இருக்க வேண்டும்.